எட்டுப் புள்ளி நான்கு

ஜனவரி 3, புதன்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி டைரி எழுதுகிற பொறுமை எனக்குக் கிடையாது. "வீட்டுக்காரருக்கு வலி எப்ப வருது, எவ்வளவு நேரம் இருக்குதுன்னு தேதி போட்டு எழுதிட்டு வாங்கம்மா" என்றார். இவரைக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, லேசா பிடிச்ச மாதிரி இருக்குது" என்பார். இருபத்திரண்டு வருஷமாக எல்லாவற்றுக்கும் இவர் சொல்வது இதைத்தான். அதனால் நானே பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.

காலை 6.00: படுக்கையிலிருந்து எழுந்து உட்கார ஐந்து நிமிஷம். இடுப்பு விறைப்பு. கழுத்து இடது பக்கம் பாதிதான் திரும்புகிறது.

6.20: டீ, பெரிய டம்ளர்.

7.30: டீ. பட்டறை திறந்தார். மோட்டாரைத் தூக்கும்போது முனகல். கேட்டால் இருமல் என்கிறார்.

மாலை 6.30, நான் வேலையிலிருந்து வந்த பிறகு: டீ. முழங்காலில் வலி. வீக்கம் இல்லை.

8.00: டீ.

பகலில் எத்தனை என்று தெரியாது. பெரிய பிளாஸ்க் காலியாக இருந்தது.

ஜனவரி 9, செவ்வாய்

டாக்டருக்கு இதெல்லாம் தேவையா, தெரியவில்லை. எழுத ஆரம்பித்தால் முழுசாக எழுதுவது என் குணம்.

இவர் பெயர் மாதேசன். வயது ஐம்பத்திரண்டு. ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, வீட்டு முன்புறமே பட்டறை. போர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது தொழில். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் மோட்டார் எரிந்தாலும் இங்கேதான் வரும். முப்பது வருஷமாகக் குனிந்தே வேலை. அதனால் முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்கிறார், ஊரும் சொல்கிறது, நானும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. நானும் இவரும்தான்.

நான் ஓசூரில் ஒரு லேபில் இருக்கிறேன். டீத்தூள், அரிசி, பருப்பு, தண்ணீர் என்று கம்பெனிகள் அனுப்புவதில் ஃபுளோரின் எவ்வளவு இருக்கிறது என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்து கொடுப்பது என் வேலை. கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு நல்லது. அதிகமானால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஃபுளோரினை அளப்பது லேசில்லை. தனியாக அனுப்பினால் அந்த மெஷினின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. கூடக் கொஞ்சம் பேரியம் கலந்து அனுப்ப வேண்டும். சூட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஜோடியாக வரும்போது 157 என்ற எடையில் பிடித்து எண்ணிவிடலாம். இவரிடம் ஒருமுறை இதை விளக்கினேன். "அப்ப நீ பாக்குறது ஆராய்ச்சி இல்ல தெய்வான, கல்யாண புரோக்கர் வேலை" என்றார்.

இன்று வலி: காலை ஒரு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பானையை இறக்க இவரால் குனிய முடியவில்லை. நான் இறக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களா என்று இவர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாழைப்பழம் உரித்துத் தின்று, மதியம் டீ போட உட்கார்ந்தார். டீ போடும்போது மட்டும் எந்த வலியும் இருக்காது. பஞ்சாயத்துக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. குடிக்க, சமைக்க அதுதான், அதில் நான் கண்டிப்பு. டீக்கு மட்டும் அது ஆகாது என்பார். "குழாய்த் தண்ணியில டீ போட்டா நெறம் நிக்காது. டீக்குன்னா நம்ம போர் தண்ணிதான்." இவர் வெறும் தண்ணீர் குடித்து நான் பார்த்ததும் இல்லை. தாகத்துக்கும் டீதான்.

போரின் மீது இவருக்கு ஒரு பெருமை. ஏழு வருஷத்துக்கு முன் வறட்சியில் தண்ணீர் கீழே போனபோது எண்ணூறு அடிவரை ஆழப்படுத்தி, இவரே நின்று மோட்டாரை இறக்கினார். முதன்முதலில் போர் போட்டபோது தண்ணீரைச் சோதித்து வாங்கிய சீட்டு இன்னும் சாமி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. ஃபுளோரின் 0.9. நல்ல தண்ணீர்.

கல்யாணமான மறுநாள் காலையில் எனக்கு டீ போட்டு நீட்டினார். எனக்கு டீ வாசனையே ஆகாது, வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை, தனக்கு ஊற்றும்போதெல்லாம் டம்ளரை என் பக்கம் நீட்டி "ஒரு வாய்?" என்பார். நான் வேண்டாம் என்பேன். இன்றும் அதே.

ஜனவரி 24, புதன்

கழுத்து வலி நாள் முழுக்க. வென்னீர் ஒத்தடம் கொடுத்தேன்.

மாலையில் நான் பஸ் இறங்கி வந்ததும் பட்டறையிலிருந்து முதல் கேள்வி: "நம்ம டீ இன்னைக்கு என்னா சொல்லுச்சு?"

"மாறலைங்க."

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. டாக்டருக்கு இது புரியாது. மெஷின் சரியாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள, தினமும் காலையில் ஒரே சோதனை மாதிரியை ஓட்டிப் பார்க்க வேண்டும். நேற்று வந்த எண்ணே இன்றும் வந்தால் மெஷினை நம்பலாம். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சோதனை மாதிரி வந்து சேராததால், போன வருஷம் ஜனவரியில் இவர் எங்கள் வீட்டு எவர்சில்வர் அண்டாவில் ஒன்பது லிட்டர் டீ போட்டுக் கொடுத்தார். பால் இல்லை, சர்க்கரை இல்லை. "சர்க்கரை இல்லாமயா? ஏன், உன் மெஷினுக்கு சுகரா?" என்று அன்று முழுக்கக் கிண்டல். நானூற்று ஐம்பது சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் ஊற்றி உறைய வைத்தேன். தினம் ஒன்று எடுப்போம். லேபில் அதற்குச் செக் டீ என்று பெயர். பாட்டிலில் இருபது மில்லி. மெஷின் எடுத்துக்கொள்வது ஒரு மில்லி. மீதியைத் தொட்டியில் கொட்டிவிடுவேன்.

லிட்டருக்கு 8.4. மேலே ஒன்று, கீழே ஒன்று சிவப்புக் கோடு போட்ட வரைபடம் சுவரில் இருக்கிறது. ஒரு வருஷமாக ஒரு புள்ளிகூடக் கோட்டைத் தாண்டவில்லை. மோட்டார் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் இவர் சொல்கிறார்: "ஓசூர்ல அவ்வளவு பெரிய மெஷின் சரியா தப்பான்னு பாக்குறதே என் டீய வச்சுத்தான்."

பிப்ரவரி 8, வியாழன்

பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்புவதில்லை. உடம்போடு திரும்புகிறார். விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்துத் திட்டினேன். விளையாட்டு இல்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

டாக்டரிடம் இந்த நோட்டைக் காட்டினோம். புரட்டிப் பார்த்து, "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதிட்டு வந்ததில்லைம்மா" என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். "டீயைக் கொஞ்சம் குறைங்க சார், பசி மந்திச்சுடும்" என்றார். இவர் வெளியே வந்ததும் எதிர்க் கடையில் ஒரு டீ சொன்னார். குடித்துவிட்டு, "வெறும் வென்னீர். நம்ம வீட்டு டீக்குப் பக்கத்துல வராது" என்றார்.

பிப்ரவரி 29, வியாழன்

லேபில் தணிக்கை. பெங்களூரிலிருந்து நளினா என்று ஒரு மேடம் வந்திருந்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு, எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்கிறவர். எங்கள் மேனேஜர் ஸ்டீபன் சார் அவர் பின்னாலேயே அலைந்தார். மேடம் சுவரிலிருந்த வரைபடத்தின் முன் நின்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு. இது எந்தக் கம்பெனி டீ?"

"எங்க வீட்டு டீ மேடம். வீட்டுக்காரர் போட்டது."

சிரித்தார். லிட்டருக்கு எவ்வளவு தூள் என்று கேட்டார், சொன்னேன். அந்தத் தூளின் அறிக்கையை எடுக்கச் சொல்லி, பென்சிலால் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டார்.

"இந்தத் தூளுக்கு ரெண்டு, ரெண்டரைதான் வரணும். எட்டுக்கு மேல எப்படி வருது? தண்ணி எது?"

"போர் தண்ணி மேடம்."

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். "இந்தத் தண்ணிய யாரும் குடிக்கிறதில்லையே?"

நான் "இல்ல மேடம்" என்றேன்.

தணிக்கை நல்லபடி முடிந்தது. குறை ஒன்றும் எழுதவில்லை. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

மார்ச் 1, வெள்ளி

செக் 8.4. வலி எழுதவில்லை.

மார்ச் 4, திங்கள்

ரேஷன் கடைக்குப் போனேன். பருப்பு வரவில்லை. இவருடைய சட்டை இரண்டுக்குப் பட்டன் தைத்தேன். கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டை மாட்ட முடியவில்லை, அதனால் மாட்டிவிட்டேன்.

காலையில் ஒரு பாட்டிலில் போர் தண்ணீர் பிடித்துப் பையில் வைத்தேன். பஸ்ஸில் போகும்போது மூடி சரியில்லை என்று தோன்றியது. ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டேன்.

மூடி சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 12, செவ்வாய்

போர் தண்ணீர்: 6.1. மூன்று முறை ஓட்டினேன்.

மார்ச் 13, புதன்

சாமி அலமாரியில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தேன். ஆழப்படுத்தியதற்கு முந்தைய சீட்டு அது. ஆழத்துக்குப் போகப் போகப் பாறைத் தண்ணீரில் ஃபுளோரின் ஏறும் என்று லேபுக்கு வருகிற ஒவ்வொரு விவசாயிக்கும் நான்தான் சொல்கிறேன். புது ஆழத்துக்குப் புதுசாகச் சோதிக்க வேண்டும் என்று சொல்கிறேன். என் வீட்டுக்குச் சோதிக்கவில்லை. குடிக்கிற தண்ணீர் குழாய்த் தண்ணீர்தானே என்று இருந்துவிட்டேன். டீயையும் இவர் குடிக்கத்தானே செய்கிறார்.

அதைக்கூட மன்னிக்கலாம். நான் அந்த எண்ணைத் தினமும் பார்த்தேன். என் கையால் எழுதினேன். மாறுகிறதா, மாறுகிறதா என்று மட்டும் பார்த்தேன். அது என்ன எண் என்று ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. மாறவில்லை என்று வந்து சொல்லி இவரைச் சிரிக்க வைத்தேன். என் தலையை எதில் கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

இன்றிலிருந்து டீயை நான் போடுகிறேன் என்றேன். "ஏன், நான் போட்டா என்னா?" என்றார். அடுப்படியில் நிற்க வேண்டாம், கால் வலிக்கும் என்றேன். குழாய்த் தண்ணீரில் போட்டேன். ஒரு வாய் குடித்து டம்ளரையே பார்த்தார்.

"டீ போடத் தெரியல உனக்கு" என்றார். ஆனாலும் குடித்தார்.

மார்ச் 27, புதன்

சேலத்தில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். என் சந்தேகத்தை முன்னாலேயே போனில் சொல்லியிருந்தேன். எக்ஸ்ரே படத்தை விளக்கின் முன் மாட்டினார். எலும்பெல்லாம் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. எலும்புகளை இணைக்கிற நார்கள்கூட எலும்பாக இறுகிவிட்டன. முதுகெலும்பு தேயவில்லை, தடித்திருக்கிறது. தடித்து உள்ளே நரம்பை நெருக்குகிறது. இவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நீங்க நெனச்சது சரிதாம்மா. படிஞ்சத எடுக்க மருந்து கிடையாது. கழுத்துல ஆபரேஷன் பண்ணி நரம்புக்கு இடம் விடலாம். பண்ணலைன்னா கால் போயிடும். பண்ணாலும் நான் உறுதி சொல்ல முடியாது."

வெளியே வந்ததும், "என்னா சொன்னாரு?" என்றார் இவர்.

"தேய்மானம்தாங்க. சின்ன ஆபரேஷன்."

ஏப்ரல் 5, வெள்ளி

வலது காலில் செருப்பு நிற்கவில்லை. கழன்று விழுந்தது இவருக்குத் தெரியவே இல்லை. செருப்பு இல்லாமலே தெருக்கோடிவரை போய் வந்திருக்கிறார்.

பட்டறையை மூடினோம். கட்டி முடிக்காத மூன்று மோட்டார்களைத் திருப்பிக் கொடுத்தோம். மூன்றாவதைக் கொடுக்கும்போது இவர் அழுதார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மாலை கேட்டார்: "நம்ம டீ என்னா சொல்லுச்சு?"

"மாறலைங்க."

ஏப்ரல் 22, திங்கள்

ஆபரேஷன். ஆறு மணி நேரம். எலும்பு கல்லாக இருந்ததாம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

கை அசைகிறது. கால் அசையவில்லை. சளி கட்டியிருக்கிறது. மார்பு விரியவே மாட்டேன் என்கிறது, விலா எலும்பும் இறுகிவிட்டது என்கிறார்கள். ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லி ஒரு பொம்மை மாதிரி சாமான் கொடுத்திருக்கிறார்கள், இழுத்தால் உள்ளே பந்து ஏற வேண்டும். பந்து ஏறவில்லை. "இது மோட்டார் கோளாறு" என்றார்.

மே 6, திங்கள்

காலையில் ஆஸ்பத்திரி கேன்டீன் டீயை இரண்டு கரண்டி ஊட்டினேன். வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"வீட்டுல நீ தண்ணிய மாத்திட்ட, இல்ல?"

"ஆமாங்க."

"எப்ப?"

"மார்ச்சுல."

"நான் என் நாக்குதான் போயிடுச்சுன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கினார். "அப்ப நம்ம டீதான்."

போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு மாதமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன்.

"நீ ஏன் அழுவுற? போர இறக்கினது நானு. டீ போட்டது நானு. நீ ஒரு வாய்கூடக் குடிக்கல."

"நான் பாத்தேங்க. தினமும் பாத்தேன்."

"நீ மெஷினைப் பாத்த."

திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இன்னும் எத்தன பாட்டில் இருக்குது?"

"முப்பத்தாறு."

"தீர்ற வரைக்கும் ஓட்டு. பாதியில மாத்தினா உன் கணக்கு கெட்டுடும்." கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "இன்னைக்கு என்னா சொல்லுச்சு?"

நான் லேபுக்குப் போய் இரண்டு வாரமாகிறது. "மாறலைங்க" என்றேன். சிரித்தார்.

மே 11, சனி

காலை 5.40.

மே 28, செவ்வாய்

வேலைக்குத் திரும்பினேன். நான் இல்லாத நாள்களில் ஸ்டீபன் சார் செக் டீயை ஓட்டிப் புள்ளி வைத்திருக்கிறார். மே 11-க்கும் ஒரு புள்ளி இருக்கிறது. கோட்டுக்கு நடுவில்தான் இருக்கிறது.

"தெய்வானைம்மா, நீங்க வேணும்னா இதை நிறுத்திடலாம்" என்றார் சார். வெளிநாட்டுச் சோதனை மாதிரி ஒருவழியாக வந்துவிட்டதாம். தீர்கிற வரைக்கும் ஓட்டுகிறேன் சார் என்றேன்.

போருக்குச் சிவப்புப் பெயின்டில் எழுதிப் பலகை மாட்டினேன். பக்கத்து வீடுகளின் போர் தண்ணீரைக் காலையிலேயே பிடித்துப் போய் லேபில் ஓட்டினேன். இரண்டு வீட்டில் நான்குக்கு மேல். ஒரு வீட்டில் ஐந்து. அவர்களும் டீக்கு மட்டும்தான் எடுக்கிறார்களாம். வீடு வீடாகப் போய் உட்கார்ந்து சொன்னேன். ஒரு அம்மா எனக்கு டீ கொண்டுவந்தார், நிறம் நின்ற டீ. என் கண்முன்னே கொட்டச் சொன்னேன். கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும், நாளைக்கும் போவேன்.

ஜூன் 9, ஞாயிறு

அவர் சட்டைகளைத் துவைத்தேன். ஏன் துவைக்கிறேன் என்று பாதியில்தான் நினைவு வந்தது. முழுசாகத் துவைத்துக் காயப்போட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

கடைசி பாட்டில்.

உறைவிப்பானிலிருந்து எடுத்து உருக வைத்தேன். ஒரு மில்லி எடுத்துப் பேரியம் சேர்த்து ஓட்டினேன். 8.4. வரைபடத்தில் புள்ளி வைத்தேன். பதிவேட்டில் செக் டீ என்பதற்கு எதிரே 'தீர்ந்தது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மீதியைக் கொட்டத் தொட்டிவரை போனேன். நானூறுக்கும் மேற்பட்ட நாள்கள் இதைக் கொட்டியிருக்கிறேன். இன்று கை சாயவில்லை.

லேபுக்குள் எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. அந்த அறிவிப்பைக் கதவில் ஒட்டியவளே நான்தான். சாப்பாட்டு டப்பாவை உள்ளே கொண்டுவந்ததற்கு எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். பாட்டிலை வெளியே எடுத்துப் போய், காபி போடுகிற அறையில் ஒரு டம்ளரில் ஊற்றிச் சூடு பண்ணினேன். இந்த ஒரு பாட்டிலால் எனக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

சர்க்கரை இல்லாமல் போட்டதில் அவருக்குக் கடைசிவரை வருத்தம்தான். அதனால் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினேன்.

குடித்தேன். ஒரு வாய்தான் இருந்தது.